சைனஸ் ஆபரேஷன் பண்ணிக்கலாமா? பண்ணினா திரும்ப வருமா?

இன்னைக்கு மூக்கைப் பத்திப் பேசப் போறேன். நான் ஒரு ஈ.என்.டி. சர்ஜன். காலையில ஆபரேஷன் தியேட்டர், சாயந்திரம் ஓ.பி. ஓ.பி.க்கு வர்றவங்கள்ல நிறைய பேர் நாற்காலியில உட்கார்ந்ததும் சொல்ற முதல் வார்த்தை, "டாக்டர், எனக்கு சைனஸ் இருக்கு."

எனக்கும் இருக்கு, உங்களுக்கும் இருக்கு. சைனஸ்ங்கறது நோயோட பேர் இல்ல. முகத்து எலும்புக்குள்ள இருக்கற காற்றறைகளுக்குத்தான் அந்தப் பேர். கன்னத்துக்குள்ள ஒரு ஜோடி, நெற்றியில ஒரு ஜோடி, ரெண்டு கண்ணுக்கும் நடுவுல தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள், மூக்குக்குப் பின்னாடி ஆழத்துல இன்னொரு ஜோடி. இந்த அறைகள் எல்லாத்துக்கும் மூக்குக்குள்ள திறக்கற சின்ன வாசல் உண்டு. அந்த வாசல் அடைபட்டு, உள்ள இருக்கற சவ்வு வீங்கி, அது 12 வாரத்துக்கு மேல நீடிச்சா அதைத்தான் நாங்க நாள்பட்ட சைனஸ் அழற்சினு சொல்றோம்.

இன்னைக்கு ரெண்டு பேரைப் பத்திச் சொல்றேன். ஒருத்தர் ஆபரேஷன் வேணும்னு வந்தார், தேவைப்படல. இன்னொருத்தர் வேண்டவே வேண்டாம்னு வந்தாங்க, தேவைப்பட்டது. யாருன்னு தெரியாத அளவுக்கு விவரங்களை மாத்தியிருக்கேன்.

லீவு போட்டுட்டு வந்தவர்

முதல் ஆள் 26 வயசுப் பையன். நைட் ஷிஃப்ட் வேலை. கையில சி.டி. ஸ்கேன் கவர். "மேடம், எலும்பு வளைஞ்சிருக்குன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு. தேதி மட்டும் சொல்லுங்க, ஆபீஸ்ல லீவு சொல்லிட்டேன்"னார்.

ஸ்கேனைப் பார்த்தேன். மூக்கோட நடுச்சுவர் லேசா ஒரு பக்கம் சாய்ஞ்சிருந்தது. அது ஒண்ணும் அதிசயம் இல்ல. அளவுகோல் வெச்ச மாதிரி நேரான நடுச்சுவர் இருக்கறவங்கதான் கம்மி. நான் வேற ஒரு கேள்வி கேட்டேன். "மூக்குல சொட்டு மருந்து போடறீங்களா?"

பையில இருந்து ஒண்ணு எடுத்தார். வண்டி டிக்கியில இன்னொண்ணு இருக்குன்னார். தலையணைக்குப் பக்கத்துல மூணாவது. ரெண்டு வருஷமா, தினமும் நாலஞ்சு தடவை.

இதைக் கொஞ்சம் கவனமா கேளுங்க. மெடிக்கல் ஷாப்ல சீட்டு இல்லாமயே வாங்கற, போட்ட ரெண்டே நிமிஷத்துல மூக்கைத் திறந்துவிடற சொட்டு மருந்துகள்ல பொதுவா ஆக்சிமெட்டாசோலின் இல்லனா சைலோமெட்டாசோலின் இருக்கும். அது மூக்குக்குள்ள இருக்கற ரத்தக்குழாய்களைச் சுருக்குது. சளி பிடிச்ச நாலஞ்சு நாளைக்கு அது நல்ல மருந்து. அதுக்கு மேல போனா, மருந்தோட வேகம் இறங்கினதும் ரத்தக்குழாய் முன்ன இருந்ததை விட அதிகமா வீங்கும். மறுபடி அடைக்கும், மறுபடி போடுவீங்க. கடைசியில அடைப்புக்குக் காரணமே அந்த மருந்தா ஆயிடும்.

அந்தப் பையனுக்கு நான் தேதி கொடுக்கல. ஒரு ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதிக் கொடுத்து, சொட்டு மருந்தை முதல்ல ஒரு பக்கம் நிறுத்தச் சொன்னேன், அப்புறம் இன்னொரு பக்கம். முதல் வாரம் ரொம்பக் கஷ்டம், தூக்கமே இல்லன்னு ஃபோன் பண்ணார். ஆறு வாரம் கழிச்சு வந்தப்போ மூக்கு திறந்திருந்தது. எலும்பு இன்னமும் அப்படியேதான் வளைஞ்சிருக்கு. அதனால அவருக்கு ஒரு தொந்தரவும் இல்ல.

ஒருவேளை அன்னைக்கே அந்த எலும்பை நேராக்கியிருந்தா? ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருக்கும். அவர் சொட்டு மருந்தைத் தொடர்ந்திருப்பார். மூணு மாசத்துல "ஆபரேஷன் பண்ணியும் சரியாகல"னு ஊர் பூரா சொல்லியிருப்பார்.

தலைவலிக்கும் இதே கதைதான். "சைனஸ் தலைவலி"ங்கறது நாமளே நமக்கு எழுதிக்கற சீட்டு. அமெரிக்காவுல 2004ல வெளியான ஒரு ஆய்வுல, தனக்கு சைனஸ் தலைவலின்னு நம்பின கிட்டத்தட்ட 3,000 பேரைப் பரிசோதிச்சாங்க. காய்ச்சல், மஞ்சள் சளி மாதிரி தொற்றோட அடையாளம் இல்லாதவங்க. அதுல 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. மைக்ரேன்லயும் கண்ணைச் சுத்தி வலிக்கும், மூக்குல தண்ணி வரும். மைக்ரேனுக்கு மூக்குல ஆபரேஷன் பண்ணினா வலி எங்கயும் போகாது.

'சதை வளர்ந்திருக்கு'ன்னா எது?

நம்ம ஊர்ல ரெண்டு வெவ்வேற விஷயத்துக்கு ஒரே பேர் வெச்சிருக்கோம். "மூக்குல சதை வளர்ந்திருக்கு." இதுல நிறைய குழப்பம் வருது.

ஒண்ணு, டர்பினேட். மூக்கோட பக்கச் சுவர்ல இருந்து தொங்கற மடிப்பு. பிறக்கும்போதே எல்லாருக்கும் இருக்கறது. உள்ள போற காத்தைச் சூடாக்கி, ஈரமாக்கி அனுப்பறது அதோட வேலை. ஒரு பக்கம் வீங்கும், சில மணி நேரத்துல அது சுருங்கி மறுபக்கம் வீங்கும். "ராத்திரி மாறி மாறி அடைக்குது"னு சொல்றீங்களே, அது பாதி நேரம் மூக்கோட இயல்புதான். அலர்ஜி இருக்கறவங்களுக்கு இது நிரந்தரமா பெருத்துப் போகலாம்.

இன்னொண்ணு, பாலிப். இது இருக்கவே கூடாதது. அழற்சியில சவ்வு நீர் கோத்து ஊதித் தொங்கறது. எண்டோஸ்கோப்ல பார்த்தா தோல் உரிச்ச நுங்கு மாதிரி வெளிறி, பளபளன்னு இருக்கும். பெருசானா மூச்சையும் அடைக்கும், வாசனையையும் அடைக்கும்.

இப்போ ஆபரேஷன் வகைகளுக்கு வரலாம். எது அடைக்குதோ அதுக்குத் தகுந்த ஆபரேஷன். அவ்வளவுதான் கணக்கு.

நடுச்சுவர் நல்லா வளைஞ்சு, ஒரு பக்கம் எப்பவும் மூச்சு போகலன்னா செப்டோபிளாஸ்டி. மூக்குக்குள்ளயே சின்னதா கீறி, வளைஞ்ச குருத்தெலும்பையும் எலும்பையும் சரி பண்றது. வெளியில தழும்பு இருக்காது, மூக்கோட தோற்றமும் மாறாது.

டர்பினேட் பெருத்து, மருந்துக்கும் அடங்கலன்னா அதோட பருமனைக் குறைக்கறது. ரேடியோ அலை சூட்டுல சுருக்கலாம், இல்லனா மேல் சவ்வைத் தொடாம உள்ள இருக்கற திசுவை மட்டும் எடுக்கலாம். ஒரு காலத்துல மொத்தமா வெட்டி எடுத்தாங்க. அப்படி எடுத்த சிலருக்கு மூக்கு அகலமா திறந்திருந்தும் மூச்சே வராத மாதிரி ஒரு தவிப்பு வந்தது. அதனாலதான் இப்போ குறைக்கறோம், மொத்தமா எடுக்கறதில்ல. யாராவது "முழுசா எடுத்துடலாம்"னா, இன்னொரு டாக்டர்கிட்டயும் கேட்டுக்கோங்க.

சைனஸோட வாசல் அடைச்சிருந்தா எண்டோஸ்கோப் வழியா அந்த வாசலைத் திறக்கறது. இதைத்தான் சுருக்கமா ஃபெஸ்னு சொல்றோம். மூக்குத் துவாரம் வழியாவே போறது, வெளியில தையல் கிடையாது. பாலிப் இருந்தா அதையும் இதுலயே எடுத்துடுவோம்.

பலூன் முறையைப் பத்தி யூடியூப்ல நிறைய பேர் பார்த்திருப்பீங்க. அடைச்ச வாசலுக்குள்ள சின்ன பலூனை நுழைச்சு, ஊதி விரிச்சு, வெளிய எடுக்கறது. அமெரிக்காவுல 2005ல அனுமதி கிடைச்சது. ரத்தக் கசிவு கம்மி, சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். ஆனா பாலிப் நிறைய இருக்கறவங்களுக்கும், கண்ணுக்கு நடுவுல இருக்கற அந்தத் தேன்கூடு அறைகள்ல நோய் இருக்கறவங்களுக்கும் இது பதில் இல்ல. புதுசுங்கறதுக்காகவோ காஸ்ட்லிங்கறதுக்காகவோ இதைத் தேர்ந்தெடுக்காதீங்க.

ஓட்டை போட்டா போதாது

ஃபெஸ்ங்கற பேர்ல 'ஃபங்ஷனல்'னு ஒரு வார்த்தை இருக்கு. அது எப்படி வந்ததுன்னு தெரிஞ்சா மிச்சம் எல்லாம் புரியும்.

1890கள்ல நியூயார்க்ல கால்ட்வெல், பாரிஸ்ல லூக்னு ரெண்டு பேர், தனித்தனியா ஒரே மாதிரி ஆபரேஷனைச் சொன்னாங்க. மேல் உதட்டைத் தூக்கி, பல்லுக்கு மேல எலும்புல ஓட்டை போட்டு, கன்னத்து சைனஸைச் சுத்தம் பண்ணி, சளி வடியறதுக்கு மூக்குக்குள்ள கீழ் பக்கமா இன்னொரு ஓட்டை. தண்ணித் தொட்டிக்கு அடியில குழாய் வெச்ச மாதிரி. கேக்கறதுக்கு ரொம்ப நியாயமா இருக்கில்லையா? ரொம்ப வருஷம் உலகம் பூரா இதைத்தான் செஞ்சாங்க. பலருக்கு நோய் தீரல.

ஏன்னு ஆஸ்திரியாவுல கிராட்ஸ் நகரத்துல இருந்த மெசர்கிளிங்கர்ங்கற டாக்டர் பொறுமையா பார்த்தார். சைனஸ் சவ்வுல கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் இருக்கு. அதுதான் சளியைத் தள்ளிட்டுப் போகுது. எங்க தள்ளுது? அடியில நாம போட்ட ஓட்டைக்கு இல்ல. மேல இருக்கற இயற்கையான வாசலுக்கு. நம்ம ஓட்டையைச் சுத்திக்கிட்டு, பழைய வழியிலயேதான் போகுது.

அப்போ செய்ய வேண்டியது புது ஓட்டை இல்ல, பழைய வாசலைத் திறக்கறது. மூக்கு தன் வேலையைத் தானே செய்யற மாதிரி விடறது. அவரும் அவரோட மாணவர் ஸ்டாம்பெர்கரும் வளர்த்த இந்த முறையை, 1985ல அமெரிக்காவுல கென்னடிங்கற சர்ஜன் அந்தப் பேரோட பரவலாக்கினார்.

இதுல இருந்து ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. சைனஸ் ஆபரேஷன் வழியைத் திறக்குது. சவ்வுல இருக்கற நோயைக் குணமாக்கறது அதுக்கு அப்புறம் போற மருந்தும் உப்புத் தண்ணியும்.

வாசனையே இல்லாத மூணு வருஷம்

ரெண்டாவது ஆள், 31 வயசுப் பெண். ஆஸ்துமா உண்டு. அவங்க மூக்குக்காக வரல. அடுப்புல பால் பொங்கி தீ அணைஞ்சு, கேஸ் கசிஞ்சிட்டே இருந்திருக்கு. அவங்க அதே சமையலறையில நின்னு ஃபோன் பேசிட்டு இருந்திருக்காங்க. வெளியில இருந்து வந்த அம்மாதான் ஓடிப்போய் நிறுத்தினாங்களாம். அம்மாதான் இழுத்துட்டு வந்தாங்க.

எவ்வளவு நாளா வாசனை தெரியலன்னு கேட்டேன். மூணு வருஷம். "பழகிடுச்சு மேடம்"னாங்க. ரெண்டு பக்கமும் பாலிப். மாத்திரை கொடுத்தா சில நாள் வாசனை வரும், நிறுத்தினா போயிடும். ஸ்பிரேயும் ஒழுங்கா போட்டுப் பார்த்தாச்சு. ஆனா அவ்வளவு அடைப்பு இருக்கும்போது ஸ்பிரே உள்ள போறதுக்கே இடம் இல்ல.

ஆபரேஷன்னதும் கையெடுத்துக் கும்பிட்டாங்க. "எங்க மாமாவுக்கு ரெண்டு தடவை பண்ணாங்க. ரெண்டு தடவையும் திரும்ப வந்துடுச்சு. மூக்கு பூரா துணியை அடைச்சு, அதை உருவினப்போ அவர் கத்தினது இன்னும் காதுல இருக்கு."

நான் பொய் சொல்லல. "திரும்ப வரலாம். பாலிப் சவ்வோட நோய், நான் சவ்வை மாத்த முடியாது. ஆனா வழியைத் திறந்தா மருந்து உள்ள போகும். அதுக்கப்புறம் தினமும் நீங்க செய்யற வேலையில இருக்கு"ன்னு சொன்னேன். துணி விஷயமும் மாறிடுச்சு. இப்போ பலருக்கு எதுவும் அடைக்கறதில்ல, இல்லனா தானா கரையற பொருளை வைக்கறோம்.

ஆபத்தையும் சொன்னேன், உங்களுக்கும் சொல்றேன். சைனஸுக்கும் கண்ணுக்கும் நடுவுல இருக்கற எலும்பு அவ்வளவு மெல்லிசு, அதுக்கு லத்தீன்ல காகிதத் தகடுன்னே பேர். மேல் பக்கம் மூளையோட தரை. அதனால கண்ணுல ரத்தக்கட்டு, பார்வைப் பாதிப்பு, மூளையைச் சுத்தியிருக்கற திரவம் மூக்கு வழியா கசியறது, இதெல்லாம் நடக்கச் சாத்தியம் உண்டு. பழகின கைகள்ல இந்த மாதிரி பெரிய சிக்கல் நூத்துல ஒருத்தருக்கும் கம்மி. சி.டி. ஸ்கேன் எடுக்கறதே முக்கியமா இதுக்குத்தான், ஒவ்வொருத்தரோட மூக்குக்கும் வரைபடம் வேற.

ஒரு மாசம் யோசிச்சுட்டு சரின்னாங்க. ஆபரேஷன் முடிஞ்சு மறுநாள் வீட்டுக்குப் போனாங்க. ரெண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மணும், ஜிம் கிடையாது, விமானப் பயணம் கேட்டுட்டுத்தான். தினமும் உப்புத் தண்ணி. நடுவுல ரெண்டு மூணு தடவை வந்து பொருக்கைச் சுத்தம் பண்ணிக்கணும். இதுல ஒண்ணும் சினிமாத்தனம் இல்ல, கொஞ்சம் எரிச்சலான வேலை.

மூணாவது வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "மேடம், பக்கத்து வீட்ல கருவாடு வறுக்கறாங்க. எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பத்து நிமிஷமா ஜன்னல்லயே நிக்கறேன்."

கதை அங்க முடியல. எட்டு மாசம் கழிச்சு, நல்லாத்தானே இருக்குன்னு ஸ்பிரேயையும் கழுவறதையும் விட்டுட்டாங்க. வாசனை மங்க ஆரம்பிச்சதும் திரும்ப வந்தாங்க. பார்த்தா சின்னதா வீக்கம். மறுபடி ஆரம்பிச்சோம், அடங்கிடுச்சு. இப்போ பல் தேய்க்கற மாதிரி அதையும் செய்யறாங்க. மாமாவுக்கு ரெண்டு தடவையும் யாராவது இதைச் சொல்லியிருந்தா எப்படி இருந்திருக்கும்னு அவங்களே ஒரு நாள் கேட்டாங்க.

இவ்வளவு செஞ்சும் பாலிப் அடங்காதவங்களுக்கு இப்போ ஊசி மருந்துகள் வந்திருக்கு. டுபிலுமாப்ங்கற மருந்துக்கு 2019ல அமெரிக்காவுல இதுக்காக அனுமதி கொடுத்தாங்க. அழற்சியைத் தூண்டற சமிக்ஞையையே நிறுத்துற மருந்து. விலை மிக அதிகம், தொடர்ந்து போடணும். அதனால இது முதல் படி இல்ல.

தேதி வாங்கறதுக்கு முன்னாடி

நீங்க டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது. எனக்கு அடைக்கறது எது, நடுச்சுவரா, டர்பினேட்டா, பாலிப்பா, சைனஸ் வாசலா? எண்டோஸ்கோப்ல பார்த்தீங்களா, எனக்கும் காட்டுவீங்களா? மருந்தைச் சரியா போட்டுப் பார்த்துட்டோமா? ஆபரேஷனுக்கு அப்புறம் எவ்வளவு நாள் மருந்து? சளி பிடிச்சிருக்கறப்போ எடுத்த ஸ்கேனை வெச்சு முடிவு பண்ணாதீங்க. சாதாரண ஜலதோஷத்துலயே சைனஸ் சவ்வு வீங்கித் தெரியும்.

'மருந்தைச் சரியா'ன்னு சொன்னேன் இல்லையா, அதையும் சொல்லிடறேன். ஸ்டீராய்டு ஸ்பிரேன்னதும் பயப்படறீங்க. அதுல இருக்கறது மைக்ரோகிராம் கணக்கு, பெரும்பாலும் மூக்கோட நின்னுடும். தலையைக் கொஞ்சம் குனிஞ்சு, வலது கையால இடது மூக்குல, இடது கையால வலது மூக்குல, காது இருக்கற பக்கமா அடிங்க. நடுச்சுவர்ல அடிச்சா ரத்தம் வரும். உறிஞ்சி இழுக்காதீங்க, தொண்டைக்குப் போயிடும். பலன் தெரிய வாரக்கணக்குல ஆகும்.

மூக்கு கழுவறது நமக்குப் புதுசு இல்ல, ஜலநேதி கேள்விப்பட்டிருப்பீங்க. கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. தண்ணி கண்டிப்பா கொதிக்க வெச்சு ஆற வெச்சதா இருக்கணும். குழாய்த் தண்ணியை நேரா மூக்குக்குள்ள விடாதீங்க. அதுல இருக்கக்கூடிய ஒரு வகை அமீபா மூக்கு வழியா மூளைக்குப் போனா உயிருக்கே ஆபத்து.

தள்ளிப்போடவே கூடாத சிலதும் இருக்கு. ஒரே ஒரு பக்கம் மட்டும் விடாம அடைப்பு, அந்தப் பக்கம் ரத்தம், கண்ணைச் சுத்தி வீக்கம், பார்வை மங்கறது. இதுல எது இருந்தாலும் உடனே காட்டுங்க. ஒரே பக்கம் நாத்தமடிக்கற சளின்னா மேல் கடைவாய்ப் பல்லையும் பாருங்க. பல் வேர்ல இருக்கற சீழ் சைனஸுக்குள்ள போகும். அப்போ பல்லைச் சரி பண்ணாம மூக்கை மட்டும் பார்த்துப் பிரயோஜனம் இல்ல.

பண விஷயம். பல இன்ஷூரன்ஸ் பாலிசியில சைனஸுக்கும் நடுச்சுவருக்கும் ரெண்டு வருஷம் காத்திருப்புக் காலம் உண்டு. தேதி வாங்கறதுக்கு முன்னாடியே பாலிசியைப் படிச்சுப் பாருங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்லயும் இந்த எண்டோஸ்கோப் ஆபரேஷன் நடக்குது. அங்கயும் போய்க் கேளுங்க.

கடைசியா ஒண்ணு. இன்னைக்குச் சமையலறையில யாராவது தாளிக்கும்போது கொஞ்சம் கவனிங்க. பெருங்காய வாசனை வருதா? வரலன்னா, ரொம்ப நாளாவே வரலன்னா, "பழகிடுச்சு"னு விட்டுடாதீங்க. ஆபரேஷனுக்கு இல்ல, முதல்ல ஒரு தடவை மூக்கைக் காட்டறதுக்கு வாங்க.

கையில இருக்கற அந்தச் சொட்டு மருந்தை எத்தனை நாளா போடறீங்கன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க.